கழிவுநீரில் மட்டும் தெரியும் நோயாளி

2022 ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வழக்கம்போல எடுத்த மாதிரியில் விசித்திரமான ஒரு கொரோனா வைரஸின் தடயம் கிடைத்தது. அப்போது நாடெங்கும் ஒமைக்ரான் அலை. மருத்துவமனைகளில் எடுத்த சளி மாதிரிகளில் பெரும்பாலும் ஒமைக்ரான்தான் தென்பட்டது. கழிவுநீரில் கிடைத்ததோ பி.1.234 என்ற பழைய கிளையின் வாரிசு. அந்தக் கிளை 2021-இலேயே ஓய்ந்துபோயிருந்தது. ஆனால் இந்த வைரஸ் பழையபடி இல்லை. செல்லுக்குள் நுழைய வைரஸ் பயன்படுத்தும் கூர்ப்புரதத்தில் ஏராளமான மாற்றங்கள் குவிந்திருந்தன. அவற்றில் பல, ஒமைக்ரானில் மாறியிருந்த அதே இடங்களில் இருந்தன. இப்படியொரு சேர்க்கை வேறெந்த நோயாளியிடமும் பதிவாகியிருக்கவில்லை.

மிசௌரி பல்கலைக்கழகத்தின் மார்க் ஜான்சனும் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஓ'கானரும் தங்கள் சகாக்களோடு இதைத் துரத்தத் தொடங்கினார்கள். அந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் கழிவுநீர் வந்து சேருகிறது. குழாய்கள் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் மேன்ஹோலைத் திறந்து, தண்ணீரை இறைத்து, வடிகட்டி, அதிலிருக்கும் வைரஸ் துணுக்குகளைச் செறிவாக்கி, கூர்ப்புரதத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் பெருக்கி எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். இரண்டாகப் பிரியும் குழாயில் ஒன்றில் மட்டுமே அந்த வைரஸ் இருக்கும். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே போவார்கள். ஆறு மாதத்துக்குள் ஒரே ஒரு கட்டடத்தில் வந்து நின்றார்கள். ஏறத்தாழ 30 பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம் அது. அந்தக் கட்டடத்துக் கழிப்பறைகளிலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்குப் பல கோடிப் பிரதிகள் என்ற அளவில் வைரஸ் இருந்தது.

ஊழியர்களில் சம்மதித்தவர்களின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். ஒருவரிடமும் வைரஸ் இல்லை. கட்டடத்தின் கழிவுநீரில் மட்டும் அது தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. 2023-இன் தொடக்கத்தில் நின்றது. அந்த ஆள் குணமானாரா, வேலையை விட்டுப் போனாரா, இறந்தாரா என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியாது. யார் என்பதே தெரியாது. ஒரே மனிதரின் உடலில், அநேகமாகக் குடலில், ஓராண்டுக்கு மேல் வைரஸ் குடியிருந்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதுதான் அவர்கள் எட்டிய முடிவு. அந்தக் கட்டுரை 2024-இல் லான்செட் மைக்ரோப் இதழில் வெளிவந்தது. கொரோனாவுக்கான உலக அவசரநிலை முடிந்தபின் கொரோனா வைரஸைப் பற்றி வந்த ஆய்வுகளில், நாம் எதைத் தேடவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன ஒன்றை நான் வாசிக்கவில்லை.

அவசரநிலையை முடித்துவைத்தவர் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் டெட்ரோஸ் அதானோம் கெப்ரேயேசுஸ். 2020 ஜனவரி 30-இல் அறிவித்ததை 2023 மே 5-இல் விலக்கிக்கொண்டார். பதிவான மரணங்கள் கிட்டத்தட்ட 70 லட்சம், உண்மையான எண்ணிக்கை குறைந்தது 2 கோடி என்று அன்று அவர் சொன்னார். அச்சுறுத்தல் முற்றிலும் நீங்கிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. புதிய திரிபுகள் வரக்கூடும் என்றும், நாடுகள் கட்டியெழுப்பிய அமைப்புகளைக் கலைத்துவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். அறிவிப்பின் முதல் பாதி எல்லோர் காதிலும் விழுந்தது.

புதிய திரிபு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இப்போது நம்மிடம் ஓரளவு உறுதியான விடை இருக்கிறது. அதற்கு முதலில் வைரஸின் வழக்கமான வேகத்தைப் பார்க்க வேண்டும். கொரோனா வைரஸின் மரபுத் தொடர் சுமார் 30,000 எழுத்துகள் நீளமானது. அது பிரதியெடுக்கும்போது பிழைதிருத்தும் நொதி ஒன்றும் கூடவே வேலை செய்வதால், ஃப்ளூ வைரஸைவிட நிதானமாகவே மாறுகிறது. மக்களிடையே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும்போது மாதத்துக்கு இரண்டு, மூன்று எழுத்துகள் மாறும். இந்த வேகத்தில் போனால், புதிய திரிபு என்பது பழையதிலிருந்து படிப்படியாகக் கிளைத்து வரவேண்டும். இடைப்பட்ட படிகளும் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும்.

ஆனால் பெரிய திரிபுகள் அப்படி வரவில்லை. 2020 இறுதியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அடையாளம் காணப்பட்ட ஆல்ஃபா, 17 மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு ஒரேயடியாக வந்து நின்றது. நீண்டகாலத் தொற்றில் உருவாகியிருக்கலாம் என்று அப்போதே ஆண்ட்ரூ ராம்பாட் முதலான விஞ்ஞானிகள் ஊகித்தார்கள். 2021 நவம்பரில் வந்த ஒமைக்ரானுக்கு நெருங்கிய முன்னோர் யாருமே பதிவில் இல்லை. 2023 ஆகஸ்டில் இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் கண்டறியப்பட்ட பிஏ.2.86, தன் மூதாதையான பிஏ.2-இலிருந்து கூர்ப்புரதத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் விலகியிருந்தது. பிஏ.2 பெருமளவில் பரவியது 2022-இன் முதல் பாதியில். இடையில் ஓராண்டுக்கு மேல் அதன் வாரிசு எங்கே இருந்தது? இது வெறும் கல்விசார் ஆர்வத்தின் கேள்வி அல்ல. பிஏ.2.86 மேலும் ஒரு மாற்றத்தைச் சேர்த்துக்கொண்டு ஜேஎன்.1 ஆனது. சில மாதங்களில் அது உலகம் முழுவதையும் பிடித்தது. கேரளத்தில் அது கண்டறியப்பட்ட செய்தி 2023 டிசம்பரில் நம் நாளிதழ்களில் வந்தது. 2024-இல் தடுப்பூசியையே ஜேஎன்.1-க்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. பின்னர், 2022-லேயே மறைந்துவிட்ட பிஏ.3 கிளையின் வாரிசான பிஏ.3.2, 2024 நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் அதேபோலத் திடீரென்று வெளிப்பட்டது.

இந்தத் தாவல்களுக்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்பட்டன. கண்காணிப்பே இல்லாத ஏதோ ஒரு மக்கள் கூட்டத்தில் வைரஸ் சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருந்திருக்கலாம். விலங்குகளுக்குத் தாவி அங்கே மாறித் திரும்பி வந்திருக்கலாம். அல்லது எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவரின் உடலில் மாதக்கணக்கில் தங்கி மாறியிருக்கலாம். இரண்டாவதை எளிதில் ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 2021-இல் சோதித்த வெண்வால் மான்களில் 40 சதவீதத்தின் ரத்தத்தில் கொரோனாவுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. நியூயார்க் நகரக் கழிவுநீரில் 2021-இல் ஜான் டென்னெஹி, மோனிகா ட்ருஹியோ, டவிடா ஸ்மித் ஆகியோர் இனம்புரியாத வைரஸ் கிளைகளைக் கண்டபோது, சாக்கடை எலிகளையும் சந்தேகித்தார்கள். அந்தக் கிளைகளின் மாற்றங்கள் சில, கொறிவிலங்கின் செல்லில் வைரஸ் நுழைய உதவுபவையாகவும் இருந்தன. எலி என்பதற்கு வலுவான சான்று பின்னர் கிடைக்கவில்லை. விஸ்கான்சினில் ஒற்றைக் கட்டடத்தின் கழிப்பறைக் குழாயில் போய்த் தேடல் முடிந்தபின், மூன்றாவது விளக்கமே பெரும்பாலான தாவல்களுக்குப் பொருந்துகிறது என்பது என் கணிப்பு. மருத்துவமனைச் சான்றுகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன.

அந்தச் சான்றுகளில் முதலாவது 2020-லேயே பாஸ்டனிலிருந்து வந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொண்டிருந்த ஒரு நோயாளி, தொற்று உறுதியானபின் 154 நாட்கள் வைரஸோடு போராடி இறந்தார். அவருக்குள் இருந்த வைரஸ் வேகவேகமாக மாறியிருந்தது. கேம்பிரிட்ஜில் ரவீந்திர குப்தாவின் குழு, 101 நாட்கள் தொற்றோடு இருந்த இன்னொருவரின் மாதிரிகளை வரிசையாகப் படித்தது. குணமானவர்களின் பிளாஸ்மாவை அவருக்குச் செலுத்தியதும் அதற்குத் தப்பும் மாற்றங்கள் கொண்ட வைரஸ் மேலோங்கியது. பிளாஸ்மாவின் செறிவு குறைந்ததும் அது பின்வாங்கியது. அடுத்த முறை பிளாஸ்மா செலுத்தியபோது திரும்பி வந்தது. பரிணாமம் ஒரு மனித உடலுக்குள் வாரக்கணக்கில் நடப்பதை மருத்துவர்கள் நேராகப் பார்த்தார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் 72 வயது முதியவர் ஒருவர் 2022 பிப்ரவரியில் கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தார். ரத்த நோய்க்காக முன்பே ஸ்டெம்செல் மாற்றுச் சிகிச்சை பெற்றிருந்தார். எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்களை அழிக்கும் மருந்தும் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பல தவணை தடுப்பூசி போட்டும் உடல் எதிர்வினை காட்டவில்லை. சொட்ரோவிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தைச் செலுத்திய 21 நாட்களில் வைரஸ் அதற்குத் தப்பும் வழியைக் கண்டுகொண்டது. அவர் 613 நாட்கள் தொற்றோடு இருந்தார். 2023-இல் பழைய ரத்த நோய் திரும்ப வந்து இறந்தார். அந்தக் காலம் முழுவதும் எடுத்த 27 மாதிரிகளைப் படித்தபோது 50-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் தெரிந்தன. அந்த வைரஸ் அவரிடமிருந்து ஊருக்குள் பரவியதற்குச் சான்றில்லை. ஆனால் அந்தக் காலம் முழுக்க அவர் அடிக்கடி தனிமைப்படுத்தப்பட்டு வாழவேண்டியிருந்ததை, அவரைப் பற்றி அறிக்கை தந்த மருத்துவர்கள் மறக்காமல் குறிப்பிட்டார்கள். கொரோனா முடிந்துவிட்டது என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

நீண்ட தொற்று ஏன் இப்படித் தாவல்களை உண்டாக்குகிறது? வழக்கமான தொற்றில் வைரஸுக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். அதற்குள் அடுத்தவருக்குத் தாவியாக வேண்டும். தாவும்போதும் ஒன்றிரண்டு வைரஸ் துகள்களே புதிய உடலில் நிலைகொள்கின்றன. மற்ற மாற்றங்கள் எல்லாம் அங்கேயே அழிந்துபோகின்றன. நீண்ட தொற்றில் அந்த அவசரமில்லை. உடல் வைரஸை அழிக்கும் அளவுக்கு வலுவில்லாமலும், அதை நெருக்கும் அளவுக்கு வலுவோடும் இருக்கிறது. தனியாக வந்தால் வைரஸுக்குக் கேடு செய்யும் மாற்றத்துக்குக்கூட, அதை ஈடுசெய்யும் இன்னொரு மாற்றம் வரும்வரை தாக்குப்பிடிக்க நேரம் கிடைக்கிறது. மாதங்கள் போகப்போக எதிர்ப்பொருளுக்குத் தப்பும் திறன் கூடுகிறது. பெரும்பாலான கிளைகள் அந்த உடலுக்கே பழகிப்போய், மூச்சுக்காற்றின் வழி பரவும் ஆற்றலை இழந்து, அந்த நோயாளியோடு முடிந்துவிடுகின்றன. எப்போதாவது ஒரு கிளை, தப்பும் திறன், பரவும் ஆற்றல் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒமைக்ரானுக்கு அப்படி ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

இதெல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நோயாளிகளின் கதை என்றுதான் முதலில் எண்ணினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய கணக்கெடுப்பு. வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கிருப்பவர்களிடம் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தார்கள். அந்த மாதிரிகளை ஆக்ஸ்ஃபோர்டின் மஹான் கஃபாரி, கத்ரீனா லித்கோ குழுவினர் ஆராய்ந்து 2024 பிப்ரவரியில் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் அதே வைரஸோடு இருந்தவர்கள் 381 பேர்; அவர்களில் 54 பேரிடம் இரண்டு மாதத்துக்கும் மேல். மொத்தத் தொற்றுகளில் ஆயிரத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை அறுபது நாட்களைத் தாண்டுகின்றன என்பது அவர்கள் கணிப்பு. இவர்கள் மருத்துவமனையில் கிடந்தவர்கள் அல்லர், வீட்டில் இருந்த பொதுமக்கள். பலருக்குத் தங்களுக்குள் வைரஸ் இருப்பதே தெரிந்திருக்காது. நீடித்த கோவிட் என்று சொல்லப்படும் நாட்பட்ட தொல்லைகளையும் இவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தெரிவித்திருந்தார்கள். விகிதம் சிறியதாகத் தோன்றலாம். கோடிக்கணக்கான தொற்றுகளோடு பெருக்கினால் லட்சக்கணக்கான மனிதர்கள்.

அந்தக் கணக்கெடுப்பு 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆய்வுக்கட்டுரை அச்சில் வந்தபோது, அதற்கு மூலமான ஏற்பாடே இல்லை.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. போலியோ ஒழிப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்கு பழக்கமானது. சொட்டுமருந்தில் இருக்கும் வலுவிழந்த போலியோ வைரஸ், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைந்த சிலரின் குடலில் வருடக்கணக்கில் தங்கி, மாறி, மறுபடி வாதத்தை உண்டாக்கும் வலிமையைப் பெற்றுவிடும். பிரிட்டனில் ஒருவர் 28 ஆண்டுகளாக இப்படி வைரஸை வெளியேற்றி வந்ததை 2015-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பின்லாந்திலும் எஸ்தோனியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் கழிவுநீரில் வெகுவாக மாறிய போலியோ வைரஸ்கள் திரும்பத் திரும்பக் கிடைத்தன. அவற்றை வெளியேற்றிய ஆட்கள் கண்டுபிடிக்கப்படவேயில்லை. விஸ்கான்சின் கதையை எழுதியவர்கள் நடந்த பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. போலியோ திட்டம் இதிலிருந்து கற்றுக்கொண்டது, எதிர்ப்பாற்றல் குறைபாடுள்ள குழந்தைகளைத் தேடிப்பிடித்து மலமாதிரி சோதிப்பது, அவர்களுக்காகவே வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை உருவாக்க முனைவது ஆகிய இரண்டையும். அதாவது, கடைசி ஆளைத் தேடுவதும் அவருக்கு மருந்து கண்டுபிடிப்பதும் ஒரே வேலை என்று அது புரிந்துகொண்டது. கொரோனாவில் அந்தப் புரிதல் இன்னும் கொள்கையாகவில்லை.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். நீண்ட தொற்றுக்கு ஆளானவர்களைத் திரிபுகளின் உற்பத்திக்கூடம் என்று எழுதும் வழக்கம் செய்தித்தாள்களில் மட்டுமல்ல, ஆய்வுலகிலும் உண்டு. அது தவறு. இவர்கள் நோயாளிகள். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், மூட்டுவாத நோய்க்கு எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், மருந்து தடையின்றிக் கிடைக்காத எச்ஐவி தொற்றாளர்கள். தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பகுதியில் 22 வயதுப் பெண் ஒருவருக்கு ஒன்பது மாதம் கொரோனா நீடித்து, வைரஸ் கண்டபடி மாறியது. அவருடைய எச்ஐவி கட்டுக்குள் இல்லாததே காரணம். எச்ஐவி மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ள உதவியதும் சில வாரங்களில் உடல் தானாகவே கொரோனாவை வெளியேற்றியது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த நலமும் உலகத்துக்குக் கிடைத்த பாதுகாப்பும் ஒரே மருந்தில் வந்தன.

பழி சுமத்தினால் என்ன ஆகும் என்பதையும் தென்னாப்பிரிக்காதான் காட்டியது. போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விஞ்ஞானிகள் ஒமைக்ரானைக் கண்டுபிடித்து, ஒளிக்காமல் உடனே உலகுக்குச் சொன்னார்கள். பதிலுக்கு அந்த நாடுகளின் விமானங்களுக்கு நாடுகள் வரிசையாகத் தடை விதித்தன. சோதனைக்கூடங்களுக்கு வேண்டிய வேதிப்பொருள்கள் வந்து சேருவதே சிரமமானது. கண்டவர் தண்டிக்கப்பட்டால் அடுத்தவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாட்டுக்குப் பொருந்துவது ஒரு கட்டடத்துக்கும் ஒரு மனிதருக்கும் பொருந்தும். விஸ்கான்சின் ஆய்வாளர்கள் ஊரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் கட்டுரையில் வெளியிடாதது சரியான முடிவு. முப்பது பேர் உள்ள இடத்தில் ஒருவர் அடையாளம் தெரிந்தால் அவர் வேலையில் நீடிக்க முடியாது. கழிவுநீர்க் கண்காணிப்பின் பெரிய பலமே அதில் யார் பெயரும் இல்லை என்பதுதான். குழாயைப் பின்தொடர்ந்து எந்த மேன்ஹோலில் நிற்கவேண்டும், அதற்குமேல் எப்படி மருத்துவர்கள் வழியாக ஒருவரைத் தாமாக முன்வரச் செய்வது என்பதற்கு எழுதப்பட்ட நெறிமுறை வேண்டும்.

கண்காணிப்பைப் பொறுத்தவரை நிலைமை சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. சோதனை செய்துகொள்பவர்கள் குறைந்துவிட்டதால், படித்துப் பதிவேற்றப்படும் மரபுத் தொடர்களும் சரிந்துவிட்டன. இந்த நிலையில் கழிவுநீர்தான் செலவு குறைந்த, யாரையும் வரிசையில் நிறுத்தாத வழி. நம் நாட்டுக்கு இது புதிதும் அல்ல. போலியோவுக்காக மும்பையில் 2001-லேயே சாக்கடைநீரைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெங்களூரில் டாடா மரபியல் மற்றும் சமூக நிறுவனத்தின் ஃபரா இஷ்தியாக் குழுவினர் 28 சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து மாதிரி எடுத்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களிடையே கொரோனாவின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் இதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. செப்டிக் டேங்கில் விழுவது எந்தக் குழாயிலும் வந்து சேராது. அங்கே மருத்துவமனைகளின், விடுதிகளின் வெளியேற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

சிகிச்சைக்கு வருவோம். இப்போது நம் கையில் இருக்கும் மருந்துகள் குறுகிய காலத் தொற்றுக்காகச் சோதிக்கப்பட்டவை. நீண்ட தொற்றுக்கு அவற்றை அரைகுறையாகக் கொடுப்பதில் ஆபத்து உண்டு. மோல்னுபிராவிர் என்ற மாத்திரை, வைரஸின் பிரதியெடுப்பில் பிழைகளைப் பெருக்கி அதைச் சாகடிக்கிறது. சாகாமல் தப்பிய வைரஸ்கள் அந்தப் பிழைகளைச் சுமந்துகொண்டு வெளியே போனதையும், சில நேரம் அடுத்தவருக்குப் பரவியதையும் தியோ சாண்டர்சன் குழுவினர் 2023-இல் நேச்சரில் காட்டினார்கள். உலகின் தரவுத்தளங்களில் இருந்த ஒன்றரைக் கோடி மரபுத் தொடர்களை அலசி, அந்த மருந்துக்கே உரிய பிழைத்தடம் 2022 முதல், அதை அதிகம் பயன்படுத்திய நாடுகளிலேயே தென்படுவதை அவர்கள் கண்டார்கள். இந்தியாவில் 2022 ஜனவரியில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்த மருந்தைத் தேசியச் சிகிச்சை நெறிமுறையில் சேர்க்காமல் விட்டது. அதன் கவலைகள் வேறு என்றாலும், தயங்கியது நல்லதாயிற்று.

ஒரு மருந்துக்குத் தப்பும் வைரஸ் இரண்டு மூன்றுக்கு ஒருசேரத் தப்புவது கடினம். காசநோயிலும் எச்ஐவியிலும் கூட்டுமருந்து தருவது இதனால்தான். இத்தாலியின் ஜெனோவாவில் மருத்துவர்கள், எதிர்ப்பாற்றல் குன்றி கொரோனா நீடித்த 22 பேருக்கு ரெம்டெசிவிர், நிர்மாட்ரெல்விர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளையும், பலருக்கு எதிர்ப்பொருள் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் பெரும்பாலோர் தேறினார்கள். நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத, சிறிய முயற்சி. எத்தனை நாள், எந்தெந்த மருந்து, எப்போது நிறுத்துவது, மூக்கில் இல்லை என்றால் போதுமா, மலத்திலும் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டுமா என்பவற்றுக்கு விடை காண முறையான சோதனை வேண்டும். ஒரு மருத்துவமனையில் ஆண்டுக்கு ஒரு சில நோயாளிகளே கிடைப்பார்கள் என்பதால், எலும்பு மஜ்ஜை மாற்றும் மையங்களும் சிறுநீரக மாற்றுப் பிரிவுகளும் எச்ஐவி சிகிச்சை மையங்களும் பல நாடுகளில் சேர்ந்து ஒரே நெறிமுறையில் நோயாளிகளைச் சேர்த்தால்தான் அப்படியொரு சோதனை நடக்கும். அதற்கு வேண்டிய மருந்துகள் ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. அவற்றில் ரெம்டெசிவிரையும் நிர்மாட்ரெல்விரையும் இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன.